நெற்றிச் சைனஸில் எலும்புக்கட்டி: மலை இறங்கும்போது வலிப்பது ஏன்?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 38. வீடு ஏற்காட்டில். வாரத்தில் ஐந்து நாள் விடியற்காலையில் பிக்கப் வண்டியில் சரக்கு ஏற்றிக்கொண்டு சேலம் லீ பஜாருக்கு இறங்குவேன், மத்தியானம் ஏறிவிடுவேன். போன மாதம் பைக்கில் இருந்து விழுந்ததில் தலைக்கு சி.டி. எடுத்தார்கள். அடி ஒன்றும் இல்லை, ஆனால் ‘வலது நெற்றிச் சைனஸில் 14 x 11 மி.மீ. ஆஸ்டியோமா’ என்று எழுதியிருக்கிறார்கள். இறங்கும்போது சில நாள் வலது புருவத்துக்கு மேலே ஊசி குத்துவதுபோல வலிக்கும். சளி பிடித்திருந்தால் ரொம்ப அதிகம், ஒருமுறை மூக்கில் ரத்தம் கலந்து வந்தது. இது தவிர வாரத்துக்கு மூன்று நாள் தலைவலி மாத்திரை போடுகிறேன். மண்டையைத் திறந்து எடுத்தாக வேண்டும் என்கிறார் ஒருவர், கண்டுகொள்ளாதே என்கிறார் இன்னொருவர். எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெளிவாகிவிடுமா? அப்பாவுக்கு 46 வயதில் பெருங்குடல் புற்றுநோய் கண்டுபிடித்து, 48-இல் தவறிவிட்டார். எனக்கும் அந்த வழிதானா? முன்பு ஆறு வருடம் வெள்ளைக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தேன். அந்தத் தூசியால் வந்ததா, இல்லை ஊர்த் தண்ணீராலா?

பதில்: ஆஸ்டியோமா புற்றுநோய் இல்லை. நாளைக்குப் புற்றுநோயாக மாறக்கூடியதும் இல்லை. சைனஸ் என்ற காற்றறையின் சுவரில் எலும்பு ஓர் இடத்தில் கூடுதலாக வளர்ந்து முண்டு கட்டி நிற்கிறது, அவ்வளவுதான். ‘கட்டி’ என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டு நாம் படும் அவஸ்தைக்கு இது நல்ல உதாரணம். சைனஸுக்கு சி.டி. எடுக்கும் நூறு பேரில் மூன்று பேர் வரை இப்படி ஒன்று தென்படலாம். அவர்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. உங்களைப்போல வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப்போய்த்தான் தெரியவரும். பெரும்பாலும் நெற்றிச் சைனஸில் வரும், அடுத்தபடியாகக் கண்களுக்கு நடுவில் உள்ள எத்மாய்டு சைனஸில். கன்னத்துச் சைனஸில் குறைவு.

தலைக்குள் இருக்கும் இந்த முண்டைப் பற்றி நிதானமாகப் பேசலாம். உங்கள் கடிதத்தில் அவசரமான வரி அப்பாவைப் பற்றியது. அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

கார்ட்னர் நோய்க்குறித் தொகுப்பு என்று ஒன்று உண்டு. பெருங்குடலின் உட்சுவரில் நூற்றுக்கணக்கில் பாலிப்புகள் என்ற சிறு சதைமுளைகள் முளைக்கும் பரம்பரை நோயின் ஒரு வகை அது. ஐந்தாவது குரோமோசோமில் உள்ள ஏ.பி.சி. என்ற மரபணுவில் வரும் பழுதுதான் காரணம். இந்த நோய் உள்ளவர்களுக்கு முகத்து எலும்புகளில் ஆஸ்டியோமாக்கள் வரும். அவை குடல் தொந்தரவு தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தெரியலாம். குடலைக் கவனிக்காமல் விட்டால் ஏறக்குறைய எல்லாருக்கும், பெரும்பாலும் நாற்பதை ஒட்டிய வயதில், பெருங்குடல் புற்றுநோய் வந்துவிடும். அப்பாவின் 46 வயதும் உங்கள் ஆஸ்டியோமாவும் ஒரே கடிதத்தில் வந்தால் எந்த மருத்துவரும் அந்த இடத்தில் நின்றுதான் போக வேண்டும்.

அதற்காக உங்களுக்கு அந்த நோய் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே ஓர் ஆஸ்டியோமா, அதுவும் நெற்றிச் சைனஸில் மட்டும் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு கார்ட்னர் கிடையாது. கார்ட்னரில் முண்டுகள் பலவாக, குறிப்பாகக் கீழ்த்தாடையின் மூலையில் வரும். இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். இரண்டு தாடை எலும்புகளையும் காதுக்குக் கீழிருந்து மோவாய் வரை விரலால் அழுத்தித் தடவிப் பாருங்கள், அசையாத கல்போன்ற புடைப்பு ஏதும் தட்டுப்படுகிறதா என்று. தலையிலும் முகத்திலும் கைகால்களிலும் தோலுக்கு அடியில் உருளும் கொழுக்கட்டைபோன்ற கட்டிகள் உண்டா? சிறுவயதில் இருந்தே முளைக்காமல் ஈறுக்குள் தங்கிவிட்ட பற்கள், கணக்குக்கு மேல் முளைத்த பற்கள் உண்டா? இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எதுவுமே இல்லாவிட்டாலும் உங்களுக்குக் கொலோனோஸ்கோப்பி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை, தேவை. பெற்றோர், உடன்பிறந்தோரில் ஒருவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் என்றால், 40 வயதிலோ, அவருக்குக் கண்டுபிடித்த வயதுக்குப் பத்து வருடம் முன்போ, எது முந்துகிறதோ அப்போது முதல் பரிசோதனை. 46-இல் பத்துப் போனால் 36. நீங்கள் ஏற்கெனவே இரண்டு வருடம் தாமதம். குடல் சுத்தமாக இருந்தாலும், அப்பாவுக்கு 60-க்கு முன் வந்ததால், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும். கூடப் பிறந்தவர்களுக்கும் இதே கணக்கு. பிள்ளைகளைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். உங்கள் குடலில் பாலிப்புகள் கொத்துக் கொத்தாகத் தெரிந்தால் மட்டும் மரபணுப் பரிசோதனைக்கும், அதன் பிறகு பிள்ளைகளுக்கும் போகலாம். அந்த நோய் உறுதியானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு உண்டு. பத்துப் பன்னிரண்டு வயதிலேயே பார்க்கத் தொடங்குவார்கள். அப்பாவின் பழைய ஆபரேஷன் கேஸ் ஷீட்டோ பயாப்ஸி (சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட்டோ வீட்டில் கிடந்தால் எடுத்துப்போங்கள். ‘பாலிப்புகள் பல’ என்ற ஒரு வரி அதில் இருக்கிறதா இல்லையா என்பதே பாதிக் கேள்விக்கு விடை சொல்லிவிடும்.

கொலோனோஸ்கோப்பி வீணாகிப்போவது பெரும்பாலும் குடல் சரியாகச் சுத்தமாகாததால்தான். இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே கீரை, கேழ்வரகு, கம்பு, தக்காளி விதை, கொய்யா எல்லாம் நிறுத்துங்கள். முந்தின நாள் வடிகட்டிய ரசம், கஞ்சித் தண்ணீர், இளநீர், பால் சேர்க்காத டீ மட்டும். பேதிக்குத் தரும் பொடியை அவர்கள் சொன்ன அளவு தண்ணீரில், வழக்கமாக இரண்டு லிட்டரில், கரைத்து முழுவதும் குடிக்க வேண்டும். உப்புக் கரித்துக் குமட்டும். பாதியில் வைத்துவிட்டால் மலத்துக்கு அடியில் பாலிப் மறைந்துகொள்ளும், திரும்ப முதலில் இருந்து தொடங்க வேண்டியதுதான்.

இனி நெற்றிக்கு வருவோம்.

ரிப்போர்ட்டில் அளவு எழுதியிருக்கிறார்கள், இடம் எழுதவில்லை. ஆஸ்டியோமாவில் அளவைவிட இடம்தான் பேசும். நெற்றிச் சைனஸை ஒரு புனல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அகன்ற வாய் புருவத்துக்கு மேலே, குழாய் இரண்டு கண்களுக்கு நடுவே இறங்கி மூக்குக்குள் திறக்கிறது. சளி வடிவதும் காற்று உள்ளே போய் வருவதும் அந்தச் சில மில்லிமீட்டர் வழியாகத்தான். குழாயின் வாயில் ஒரு 5 மி.மீ. முண்டு உட்கார்ந்தால் சைனஸ் அடைத்துக்கொள்ளும். மேல்மூலையில் 20 மி.மீ. முண்டு இருந்தாலும் ஆயுசுக்கும் ஒன்றும் செய்யாமல் கிடக்கலாம். உங்களுடையது எங்கே என்று தெரியாமல் ‘திற’ என்பதும் ‘விடு’ என்பதும் இரண்டுமே அவசரப் பேச்சு.

அடிபட்டபோது எடுத்த தலை சி.டி. அதற்குப் போதாது. அதில் மூளையில் ரத்தக் கசிவைத் தேடுவார்கள், ஸ்கேன் அடுக்கடுக்காகப் படம்பிடிக்கும் வெட்டுகள் வழக்கமாக 5 மி.மீ. கனத்தில் இருக்கும். அந்தக் கனத்தில் 14 மி.மீ. என்பதே ஒரு தோராயம். உங்களுக்கு வேண்டியது சைனஸுக்கென்று எடுக்கும் சி.டி.: ஒரு மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய வெட்டுகள், முன்பக்கம், பக்கவாட்டு, குறுக்கு என்று மூன்று திசையிலும், எலும்பு தெளிவாகத் தெரியும் அமைப்பில். மருந்து ஊசி போடத் தேவையில்லை, சளி இல்லாத நாளாகப் பார்த்து எடுங்கள். கதிர்வீச்சு ஒரு மில்லிசீவர்ட்டை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் இருக்கும். நாம் சும்மா இருந்தாலே பூமியில் இருந்தும் வானத்தில் இருந்தும் ஒரு வருடத்தில் இதைவிட அதிகம் வாங்கிக்கொள்கிறோம்.

எம்.ஆர்.ஐ. இப்போது வேண்டாம். தந்தம்போலக் கெட்டியான ஆஸ்டியோமா எம்.ஆர்.ஐ. படத்தில் கறுப்பாகத் தெரியும். சைனஸில் உள்ள காற்றும் கறுப்பாகத்தான் தெரியும். காசைக் கொட்டி எடுத்த படத்தில் ‘சைனஸ் இயல்பாக உள்ளது’ என்று எழுதிக்கொடுத்துவிடும் அபாயம்கூட உண்டு. முண்டுக்குப் பின்னால் சளி தேங்கிப் பையாக வீங்கியிருக்கிறதா, மூளையுறை தொடப்பட்டிருக்கிறதா என்ற கேள்வி சி.டி.யில் எழுந்தால் மட்டும் எம்.ஆர்.ஐ. உதவும்.

சி.டி. வந்ததும் மருத்துவரிடம் நான்கு விஷயம் கேளுங்கள். வடிகால் வழி திறந்திருக்கிறதா? முண்டு எந்தச் சுவரில் ஒட்டியிருக்கிறது? மூளைப் பக்கத்துப் பின்சுவர் முழுசாக இருக்கிறதா? கண்குழியின் கூரை முழுசாக இருக்கிறதா? உருவம் தெளிவான ஓரத்தோடு வெள்ளை வெளேரென்று இருந்தால் பயாப்ஸி தேவைப்படாது, படமே போதும். தேய்த்த கண்ணாடிபோல மங்கலாக, ஓரம் தெரியாமல் எலும்போடு கலந்திருந்தால் அது ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா என்ற வேறு சமாச்சாரமாக இருக்கலாம். அதுவும் புற்றுநோய் இல்லை, ஆனால் வைத்தியக் கணக்கு வேறு.

மலை இறங்கும்போது வரும் வலி எனக்கு மிகவும் உபயோகமான தகவல். சேலத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஏற்காடு போவதற்குள் பலூன்போல உப்பிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். மேலே மூடிய காலி தண்ணீர் பாட்டில் அடிவாரத்துக்கு வந்ததும் நசுங்கியிருக்கும். சேலம் கடல்மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டரைச் சற்றுத் தாண்டும். காற்றழுத்தம் மேலே இருப்பதைவிடக் கீழே சுமார் 16 சதவீதம் கூடுதல். உங்கள் நெற்றிச் சைனஸில் 5 மில்லி காற்று இருக்கிறது என்றால், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி முடிப்பதற்குள் அடிவாரத்து அழுத்தத்தை ஈடுகட்ட இன்னும் முக்கால் மில்லி காற்று உள்ளே போக வேண்டும். வழி திறந்திருந்தால் நமக்கே தெரியாமல் போய்விடும். அடைத்திருந்தால் அந்தப் பாட்டிலுக்கு நேர்ந்த கதிதான். எலும்புச் சுவர் நசுங்காது, அதனால் உள்ளே இழுவிசை ஏறும். முழுக்க அடைத்துக்கொண்டால் அது 100 மி.மீ. பாதரசம் வரை போகலாம். அந்த இழுப்பில் உட்சவ்வு வீங்கி, சமயத்தில் மெல்லிய ரத்தக்குழாய் வெடிக்கும். நீங்கள் பார்த்த ரத்தம் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஏறும்போது வலிக்காமல் இறங்கும்போது மட்டும் வலிப்பதற்கும் இதுவே காரணம்: உள்ளே உப்பும் காற்று இடுக்கைத் தள்ளித் திறந்து வெளியேறிவிடும், வெளியே இருந்து உள்ளே நுழையத்தான் பாடு.

சளி பிடித்த நாளில் மட்டும் வலிக்கிறதா, சளியே இல்லாத நாளிலும் வலிக்கிறதா? இதை உறுதிப்படுத்திக்கொண்டு போங்கள். சளி நாளில் மட்டும் என்றால் முண்டு இல்லாதவருக்கும் அப்படி வலிக்கும், சவ்வு வீங்கி வழி அடைபட்டதுதான். மூக்கு நன்றாக இருக்கும் நாளிலும் ஒவ்வொரு இறக்கத்திலும் அதே புருவத்துக்கு மேல் வலித்தால் முண்டின் மேல் சந்தேகம் வலுக்கும். ஒரு மாதம் குறித்து வையுங்கள்: தேதி, ஏற்றமா இறக்கமா, எத்தனையாவது வளைவில் தொடங்கியது, சளி உண்டா, எவ்வளவு நேரம் நீடித்தது. வளைவுகளுக்கு எண் பலகை இருப்பது இதற்கு வசதி.

அதுவரை சளி பிடித்த நாளில் முடிந்தால் இறங்காதீர்கள். போயே ஆக வேண்டும் என்றால் புறப்படுவதற்கு அரை மணி முன் ஆக்சிமெட்டாசோலின் சொட்டுமருந்து மூக்குக்கு இரண்டு சொட்டு. பி.பி., கண் அழுத்த நோய் இருந்தால் கேட்டுவிட்டுப் போடுங்கள். தொடர்ந்து மூன்று நாளைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் சொட்டு இல்லாமல் மூக்கே திறக்காத நிலை வந்து, அதுவே ஒரு வியாதியாகிவிடும். கடையில் வாங்கும் சளி மாத்திரைகள் பலவற்றில் குளோர்பெனிரமின் இருக்கும், அது தூக்கத்தைக் கொண்டுவரும். அதைப் போட்டுக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங் பிடிப்பது, இந்த ஆஸ்டியோமாவைவிட ஆயிரம் மடங்கு ஆபத்து. வலி குத்தினால் வண்டியை ஓரம்கட்டி நிறுத்துங்கள். மூக்கை அடைத்துக்கொண்டு வேகமாக ஊதித் திறக்கப் பார்க்க வேண்டாம், காது திறக்கும் வித்தை நெற்றிக்கு அவ்வளவாகப் பலிக்காது. தவிர, பின்சுவர் எப்படி இருக்கிறது என்று தெரியாதவரை மூக்கைச் சிந்துவதிலும் முரட்டுத்தனம் கூடாது. முண்டு சுவரை அரித்திருந்தால் காற்று மூளைப் பக்கம் ஏறிவிடலாம். அபூர்வம்தான், ஆனால் நடந்திருக்கிறது. நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது சுகமாக இருந்தால் பிடியுங்கள். எலும்பைக் கரைக்க ஆவியாலும் ஆகாது, ஆன்டிபயாடிக்காலும் ஆகாது.

வாரத்துக்கு மூன்று நாள் வரும் அந்த மற்றத் தலைவலியை இந்த முண்டின் தலையில் கட்ட எனக்கு விருப்பம் இல்லை. ‘சைனஸ் தலைவலி’ என்று தாங்களே சொல்லிக்கொண்டு வந்த மூவாயிரம் பேரை அமெரிக்காவில் ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டபோது, பத்தில் ஒன்பது பேருக்கு மைக்ரேன் (ஒற்றைத் தலைவலி) வகைத் தலைவலிதான் இருந்தது. குமட்டல், வெளிச்சமும் சத்தமும் ஆகாமல் போவது, படுத்துக்கொள்ளத் தோன்றுவது இவை கூட வருகின்றனவா? விடியற்காலையில் எழுந்து, பட்டினியோடு, வளைந்து வளைந்து இறங்கும் பிழைப்பு மைக்ரேனைக் கிளப்பத் தோதானது. முண்டை எடுத்தபின்னும் இந்தத் தலைவலி அப்படியே இருந்தால், ஆபரேஷன் தோற்றதாக நினைத்துக்கொள்வீர்கள். மாத்திரைக்கும் ஓர் எல்லை உண்டு. சாதாரண வலி மாத்திரை மாதத்தில் 15 நாள், இரண்டு மூன்று மருந்து கலந்த மாத்திரை 10 நாள் என்று மூன்று மாதம் தொடர்ந்தால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். வாரம் மூன்று என்றால் மாதம் பன்னிரண்டு. அட்டையைத் திருப்பி உள்ளே என்ன மருந்து என்று பாருங்கள்.

ஆபரேஷன் யாருக்கு? வடிகால் அடைபட்டு சைனஸ் திரும்பத் திரும்பச் சீழ் பிடிப்பவருக்கு, முண்டுக்குப் பின்னால் சளிப்பை வீங்கியவருக்கு, கண்ணையோ மூளையுறையையோ நெருக்குபவருக்கு, நெற்றி புடைத்துத் தெரிபவருக்கு, சைனஸின் பாதிக்கு மேல் நிரம்பியவருக்கு, வருடத்துக்கு வருடம் தெளிவாக வளர்பவருக்கு. உங்கள் விஷயத்தில் முதல் காரணம் பொருந்தலாம், சி.டி. சொல்லட்டும்.

மண்டையைத் திறப்பது என்ற பேச்சு பழையது. வடிகால் பக்கத்திலோ நடுவிலோ உள்ள முண்டை மூக்கு வழியாகவே எண்டோஸ்கோப் என்ற கேமரா குழாயால் பார்த்து எடுத்துவிடலாம். ஜெர்மன் மருத்துவர் டிராஃப் வகுத்த படிகள்தான் இன்றைக்கும் அளவுகோல். முதலில் ஒரு பக்க வடிகாலைச் சுற்றியுள்ள எலும்பறைகளை நீக்குவது, அது போதாவிட்டால் அந்தப் பக்கத்துச் சைனஸின் தரையையே அகலமாகத் திறப்பது, அதுவும் போதாவிட்டால் இரு பக்கத்தையும் ஒன்றாக்கி ஒரே பெரிய வாசல் வைப்பது. முண்டை அப்படியே பிடுங்க மாட்டார்கள். வைரத்தூள் பதித்த துரப்பணத்தால் உள்ளே குடைந்து குடைந்து ஓடாக்கி, ஓட்டை மெல்ல உடைத்து, ஒட்டியிருக்கும் சுவரில் இருந்து பெயர்ப்பார்கள். தந்தம்போலக் கெட்டியானது என்பதால் நேரம் பிடிக்கும். கண்குழியின் நடுக்கோட்டுக்கு வெளியே, புருவத்தின் கடைசிப் பக்கம் ஒட்டியிருந்தால் மூக்கு வழிக் கருவி எட்டாது. அப்போது காதில் இருந்து காது வரை முடிக்குள் கீறி, நெற்றி எலும்பை மூடிபோலத் திறந்து எடுப்பார்கள். முன்வழுக்கை விழுந்தவர்கள் தழும்பைப் பற்றி முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. நெற்றித்தோல் சில மாதம் மரத்துப்போவதும் உண்டு. எந்த வழியானாலும் கேட்டுவைக்க வேண்டிய அபாயங்கள்: கண்ணுக்குக் காயம், மூளையைச் சுற்றியுள்ள நீர் கசிவது, திறந்த வழி மாதங்கள் கழித்துத் தழும்பால் மறுபடி மூடிக்கொள்வது. மூன்றாவதுதான் அதிகம் நடப்பது. ஆபரேஷனுக்குப் பிறகு மூக்கு கழுவுவதையும் உள்ளே காய்ந்த பக்கை உரித்து எடுக்க வருவதையும் பாதியில் விட்டவர்களுக்கே பெரும்பாலும் நேர்கிறது.

கழுவுவதற்கு: கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், 9 கிராம் தூளுப்பு, அதாவது தலைதட்டி ஒன்றரை டீஸ்பூன், அரை டீஸ்பூன் சமையல் சோடா. கல்லுப்பை ஸ்பூனால் அளந்தால் கணக்கு தப்பும். குழாய்த் தண்ணீரையோ ஊற்றுத் தண்ணீரையோ காய்ச்சாமல் மூக்கில் விடவே கூடாது. ஆபரேஷன் முடிந்தபின் இரண்டு மூன்று வாரமாவது மூக்குச் சிந்தல், மூட்டை தூக்கல், மலை ஏறி இறங்குதல் மூன்றும் கூடாது, அந்த நாள்களுக்குச் சேலத்திலேயே தங்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். குனியும்போது ஒரு பக்க மூக்கில் இருந்து மட்டும் தண்ணீர்போல, உப்பாகச் சொட்டினால் அன்றைக்கே வாருங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால், சேர்வதற்கு முன்பே காப்பீட்டு மேசையில் காட்டி ஒப்புதல் கேட்டுவிடுங்கள்.

தூசியா தண்ணீரா என்ற கேள்விக்குச் சுருக்கமாக: இரண்டும் இல்லை. சேலம், தருமபுரிப் பக்கத்துத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் உள்ள இடங்கள் உண்டு. ஆனால் அது முதுகெலும்பு, இடுப்பு என்று பல எலும்புகளைச் சேர்த்துக் கெட்டிப்படுத்தும், நெற்றியில் ஒரு முண்டை மட்டும் வைத்துவிட்டுப் போகாது. வெள்ளைக்கல் தூசி நுரையீரலுக்குக் கெடுதல் செய்யலாம், ஆஸ்டியோமாவுக்கும் அதற்கும் தொடர்பு காட்டப்படவில்லை. கருவில் இரண்டு விதமாக உருவாகும் எலும்புகள் சந்திக்கும் இடத்தில் மிஞ்சிய செல்கள், பழைய அடி, நாள்பட்ட சைனஸ் அழற்சி என்று மூன்று விளக்கங்கள் சொல்வார்கள். எதுவும் முழுசாக நிரூபணம் ஆனதில்லை.

வடிகால் திறந்திருக்கிறது, சுவர்கள் முழுசாக இருக்கின்றன என்று சி.டி. சொன்னால் ஆபரேஷன் வேண்டாம். ஒரு வருடம் கழித்து இன்னொரு சி.டி. போதும், மாற்றம் இல்லாவிட்டால் இடைவெளியை நீட்டிக்கொள்ளலாம். அளந்து பார்த்த ஆய்வில் இவை வருடத்துக்கு அரை மி.மீ.க்கும் குறைவில் இருந்து 6 மி.மீ. வரை வளர்ந்தன, சராசரி ஒன்றரை மி.மீ. சொச்சம். ஆகவே இரண்டு வேறு சென்டரில் எடுத்த படங்களில் அரை மி.மீ. வித்தியாசம் வந்தால் பதற வேண்டாம், அது அளப்பவர் கையின் வித்தியாசம். கூடுமானவரை அதே சென்டரில், அதே கனத்தில் எடுங்கள். இடையில் இரட்டைப் பார்வை, கண் முன்தள்ளுவது, மேல் இமை வீக்கம், காய்ச்சலோடு நெற்றி வீக்கம் வந்தால் ஒரு வருடம் என்று காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஃபிலிமோடு, ஸ்கேன் படங்கள் பதிந்த குறுந்தகட்டையோ பென் டிரைவையோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் ஒப்பிட அதுதான் வேண்டும். இப்போதைய ஃபிலிம்கள் சூட்டில் கறுத்துப்போகும், வண்டியின் டாஷ்போர்டில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.